றிஸ்வியின் ஓய்வறை

மகன் றிஸ்வி, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து இந்தக் கடிதத்தை வாசி. சுடுதண்ணிப் போத்தலுக்குள்ள தேத்தண்ணி இருக்கு. அதைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு கதை சொல்லுறன்.

வவுனியாவில சபூறா எண்டு ஒரு உம்மா. வட்டிலப்பம் அவிச்சுக் கடையளுக்குக் குடுக்கிறவ. வீட்டுப் பிளான் கீறுற அவட மகன், மூண்டு தலைமுறையும் ஒண்டா இருக்க ஒரு புது வீடு கீறினான். உம்மாவுக்கு வழுக்காத தரை, குளிக்கிற இடத்தில கைபிடி, எல்லாம் வைச்சான். குசினியை மட்டும் தூரப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு, அவட அறைக்குப் பக்கத்தில தன்ட ஒபிசை வைச்சான். அவட அறைக்குள்ள "உம்மாவின் ஓய்வறை" எண்டு எழுதினான்.

"நான் ஓய்வு கேட்டனானோ?" எண்டதுக்கு, "உங்களுக்குப் பிளான் விளங்காது உம்மா" எண்டான்.

நல்லா விளங்கினது. அவன் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம், பிளானில அவன்ட ரப்பராலயே அழிச்சு, ஒபிசைக் குசினியாக்கி, தன்ட அறையில இருந்து அதுக்கு ஒரு கதவும் கீறினா. குசினி இருந்த பின்மூலையில "றிஸ்வியின் ஓய்வறை" எண்டு வடிவா எழுதினா.

"தம்பி மாத்திட்டாராம்மா?" எண்டு மேசன் ஆண்டியப்பன் கேட்டார்.

"அவர்ட பென்சில்தான்" எண்டா. பொய்யில்லையே.

இண்டைக்குக் காலமை கதவு நிலை வைச்சு, அடுப்புத் தட்டுக்குக் கொங்கிறீட் போடினம். சபூறா பக்கத்தில நிண்டு பாக்கப் போறா. நீ புளியங்குளத்தால வந்து இதை வாசிக்கேக்க அது இறுகியிருக்கும்.

மீன் ஆணத்தைச் சூடாக்கிச் சாப்பிடு.

ரப்பரைத் தேடாத. அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினனான். திறப்பு என்னட்ட.

இன்னொண்டு: அல்லாஹ் உன்ட வீட்டுக்குப் பறக்கத்தும் நிறைவும் தரட்டும். உன்ட பிள்ளையள் உனக்கு வீடு கீறுற நாளில, உன்னட்டக் கேட்டுக் கீறுற புத்தியையும் அவையளுக்குக் குடுக்கட்டும்.