ஏரிக்குப் போக அம்மாவின் சம்மதம்

தென்காசி,
19 ஜூலை 1937

அன்புள்ள மகள் ரெபேக்காளுக்கு அப்பா அய்யாத்துரை எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். காஷ்மீரத்துக் குளிரில் நீ இருமல் சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இராத்திரி ஜெபம். இந்த வருஷம் சாரல் நன்றாக இறங்கியிருக்கிறது. துணி காயவில்லை, விறகு புகைகிறது என்று உன் அம்மா தினமும் மழையோடு சண்டை பிடிக்கிறாள். பாவூர்சத்திரத்தில் உன் அக்கா ஞானதீபத்தின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறானாம். நீ அனுப்பிய கம்பளித் தொப்பி அவன் தலைக்குப் பெரிது, அடுத்த வருஷம் சரியாகும்.

உன் கடிதம் வந்து பத்து நாளாகியும் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. குல்மர்க்கிலிருந்து அல்பத்தர் என்ற ஏரிக்கு, லீவு நாளில் நீயும் கூட வேலை பார்க்கிற இரண்டு நர்ஸ்களும் நடந்தே போய் அன்றைக்கே திரும்பப் போவதாகவும், குதிரைக்காரன் கேட்கிற கூலி கட்டாததால் குதிரையும் வழிகாட்டியும் இல்லாமல் போவதாகவும், ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு விடியுமுன் புறப்படுவதாகவும் எழுதியிருந்தாய். பெற்றோர் சம்மதம் எழுத்தில் வந்தால்தான் ஆஸ்பத்திரி மேட்ரன் விடுவார் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் தோன்றவில்லை. சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் இராத்திரி முழுவதும் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குப் பகலில் மலையில் நடக்கத் தைரியம் இல்லாமல் போகுமா என்று நினைத்தேன். ஆனால் உன் அம்மா கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஆடி மாசத்துலயும் ஐஸ் மிதக்குமாம். வழிகாட்ட ஆளும் வேண்டாங்கா. மூணு பொம்பளப் பிள்ளைய அங்கன வழி தப்பினா யாரு தேடுவா? நீங்க சரின்னு எழுதினியன்னா நான் உங்ககூடப் பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மலை என்றால் என்ன, நாம் மலையடிவாரத்துக்காரர்கள்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "குத்தாலத்துல குளிச்சிட்டு வடை தின்னுட்டு வாரதுதானே உங்க மலை" என்றாள். உண்மையும் அதுதான்.

நாலு நாள் உன் கடிதம் பதில் எழுதாமலே கிடந்தது. ஐந்தாம் நாள் உன் அம்மாவே வந்து, "அவ எழுதியிருக்கற மாதிரியே நாமளும் ஒருநாள் போயிப் பாப்போம். தேனருவி வரைக்கும். கூலியாளு வேண்டாம், வண்டி வேண்டாம், விடியுமுன்ன புறப்படணும். முடிஞ்சா அவ போகட்டும், முடியலேன்னா போக வேண்டாம்" என்றாள். நம் மலையில் ஏரி கிடையாது, ஆகையால் நமக்கு எட்டிய உயரம் தேனருவிதான். எங்கள் செங்கோட்டை ஸ்டேஷனில் புக்கிங் ஆபீசில் இருக்கிற அப்துல் ஜப்பாரை உனக்கு நினைவிருக்கும், நீ புறப்பட்ட அன்று ரயிலில் உன் பெட்டியை ஏற்றிவிட்டவர். அவர் ஒரு தரம் செண்பகாதேவி அருவி வரை போயிருக்கிறாராம், தானும் வருவதாகச் சொன்னார். போகிற அன்று சாயங்காலம் அவருக்கு டியூட்டி. மத்தியானத்துக்குள் இறங்கிவிடலாம், பிறகு என்ன என்றார். நான் பார்சல் ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை இருட்டோடு புறப்பட்டு மேலகரம் வழியாக நடந்தோம். புளிச்சோறும் அவித்த முட்டையும் உன் அம்மா கட்டியிருந்தாள். குத்தாலத்துக்கு மேலே பாதை ஏற ஆரம்பித்ததும் ஜப்பார் உப்பையும் புகையிலையையும் சேர்த்து நனைத்த துணியை எடுத்து எங்கள் காலில் தடவச் சொன்னார், அட்டை ஏறாமலிருக்க. அப்படியும் என் விரலிடுக்கில் இரண்டு ஏறிவிட்டது. நான் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் உன் அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுத்தால், "பேசாம வாங்க, மூச்சுப் போவுது" என்கிறாள். செண்பகாதேவி அருவியின் பக்கத்தில் சற்று உட்கார்ந்தோம். அதற்கு மேலே ஒரு ஓடையைத் தாண்ட வேண்டும். தண்ணீர் கணுக்கால் அளவுதான், அடியிலுள்ள கூழாங்கல்லெல்லாம் தெரிந்தது. உன் அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே தாண்டினாள். அப்புறம் மேகம் இறங்கி எங்களைச் சுற்றிக்கொண்டது. முன்னால் போகிற ஜப்பாரின் முதுகு தெரியவில்லை. தேனருவியின் இரைச்சல் மட்டும் பெரிதாகக் கேட்கிறது, கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் தெரியும் என்று உன் அம்மா பிடிவாதமாக நின்றாள், போக வேண்டாம் என்று வீட்டில் அடம்பிடித்தவள் அவள்தான் என்பதை நான் அப்போது நினைவுபடுத்தவில்லை. ஜப்பாருக்கு டியூட்டிக் கவலை வந்துவிட்டது. அரை மனசோடு திரும்பினோம்.

நாங்கள் நின்ற இடத்தில் தூறல்தான். ஆனால் மேலே எங்கேயோ பெருமழை கொட்டியிருக்க வேண்டும். ஓடையைப் பார்க்குமுன்பே அதன் சத்தம் மாறியிருப்பது தெரிந்தது. போய்ப் பார்த்தால் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் போகிறது, கல் ஒன்றும் தெரியவில்லை. அகலம் அதிகமில்லை மகளே, ஒரு வீட்டுக் கூடம் அளவுதான், அதுதான் ஏமாற்றுகிறது. ஜப்பார் கால்சட்டையை மடக்கிவிட்டு, "இடுப்பளவு இருக்கும் அண்ணாச்சி, நான் முன்னால போறேன், நீங்க கையப் பிடிச்சிட்டு வாங்க" என்றார். நானும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். ஸ்டேஷனில் அவருக்குப் பதில் ஆள் இல்லை, வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. உன் அம்மா ஓடிவந்து ஒரு கையால் என் சட்டையையும் மறு கையால் ஜப்பாரின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். "யாரும் இறங்கக் கூடாது. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பிள்ளைக்கு நான்தான் கடுதாசி எழுதணும். எனக்கு வாசிக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது. அதனால நீங்க போகக் கூடாது" என்றாள். ஜப்பார் சிரித்துவிட்டுக் கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை. "டியூட்டி நாளைக்கும் இருக்கும் தம்பி" என்றாள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வேரோடு ஒரு மரம் புரண்டு வந்து, நாங்கள் இறங்குவதாக இருந்த அதே இடத்தில் பாறையில் மோதி இரண்டாகப் பிளந்து போயிற்று. ஜப்பார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கையிலிருந்த செருப்பை மறுபடியும் காலில் மாட்டிக்கொண்டேன்.

பாறை இடுக்கில் மூன்று பேரும் ஒண்டிக்கொண்டு மிச்சச் சோற்றைப் பங்கிட்டுத் தின்றோம். குளிரில் பல் கிட்டிக்கொண்டது. ஜப்பார் அவருடைய தொழுகையைச் செய்தார், உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அவளுடைய ஜெபத்தைச் சொன்னாள். அவள் தண்ணீரோரத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சி நனைந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் இடைவெளி விழுந்து, மறுபடியும் கல் தலை தெரிந்த பிறகுதான் எழுந்திருக்க விட்டாள். கைகோத்துத் தாண்டும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, அதற்கே இழுப்பு பலமாயிருந்தது. வீடு வந்து சேரும்போது தெருவில் விளக்கு வைத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் வேறொருவர் ஜப்பாரின் டிக்கெட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாராம். ஏன் வரவில்லை என்று விளக்கம் எழுதச் சொல்லி, இனிமேல் கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். நேற்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "அக்கா, நீங்க கையப் பிடிக்கலேன்னா எனக்கு விளக்கம் எழுதுற வேலையே இருந்திருக்காது" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

இனிமேல் உன் பயணம் நடக்காது என்றுதான் நான் நினைத்தேன், உனக்கு எப்படி எழுதுவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். இன்று காலை உன் அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போகட்டும்னு எழுதுங்க" என்றாள். நான் காரணம் கேட்டேன். "மேகத்துக்குள்ள நின்னு அருவிச் சத்தத்தக் கேட்டேன் பாருங்க, அப்ப எனக்குத் திரும்ப மனசே இல்ல. இந்த வயசுல எனக்கே அப்படியிருந்தா அவளுக்கு எப்படியிருக்கும்? போகாதன்னு சொன்னா நிப்பா. ஆனா அந்த மனசு அவளுக்கு ஆறாது. போகட்டும். ஏரியப் பாக்காம திரும்பி வரவும் தெரியணும், அது ஒண்ணு மட்டும் அவ எனக்குச் சத்தியம் பண்ணட்டும்" என்றாள். ஆகையால் மேட்ரனுக்குக் காட்ட வேண்டிய சம்மதத்தைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

அம்மா சொல்லச் சொன்னவற்றையும் எழுதிவிடுகிறேன். வானம் வெளுத்த நாளாகப் பார்த்துப் போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு மேலே ஏற வேண்டாம், ஏரி கண்ணெதிரே இருந்தாலும் சரி. மேலே ஆடு மேய்க்கிறவர்கள் இருப்பார்கள் என்று எழுதியிருந்தாயே, பாதையையும் பனியையும் அவர்களிடம் கேட்டுக்கொண்டு போவதற்குக் காசு ஆகாது. போகும்போது சின்னதாகத் தெரிகிற ஓடையை வரும்போது நம்பாதே. யாரிடமாவது பூட்ஸ் இரவல் வாங்கினால் அதைப் போகிற அன்றைக்கு முதல்முதலாகப் போடாமல் முந்திய வாரமே ஆஸ்பத்திரிக்குள் போட்டு நடந்து பழகு. ஒருத்திக்குத் தலைவலியோ வாந்தியோ வந்தால் மூன்று பேரும் சேர்ந்தே இறங்க வேண்டும், ஒருத்தியைக் கீழே தனியாக அனுப்பிவிட்டு இருவர் மேலே போகிற யோசனையே வேண்டாம். உனக்குத் தெரியாத வைத்தியமா, இருந்தாலும் எழுதச் சொன்னாள், எழுதுகிறேன்.

இன்னொரு சேதி. தை மாதம் தண்ணீர் வற்றிய பிறகு தேனருவியைப் பார்த்தே தீருவது என்று உன் அம்மா முடிவு செய்துவிட்டாள். டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லும்படி ஜப்பாரிடம் நேற்றே சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு மங்களேஸ்வரியும் வருகிறாளாம். என்னைக் கேட்கவில்லையே என்றேன். "வாரதா இருந்தா வாங்க, போன தரம் மாதிரி மூச்சு வாங்கிட்டு முன்னால ஓடாதிய" என்றாள்.

ஏரியைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கீழே இறங்கிய அன்றே ஒரு கார்டு போடு, மறந்துவிடாதே. ஏறும்போதும் இறங்கும்போதும் ஆண்டவர் உன் கால் இடறாமல் காப்பாராக. உன் கூட வருகிற பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

என்றும் உன் நலம் கோரும் அப்பா,
அய்யாத்துரை

அம்மா தங்கபுஷ்பத்தின் முத்தங்களும்.