முகட்டில் நின்ற நீலப் புள்ளி

அன்பு மகளுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இறையருளால் நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்பதற்கு முன் உன் கால்கள் நலமா என்று கேட்கச் சொல்கிறாள் உன் அம்மா, இடது கணுக்காலைத் தனியே கேட்கச் சொன்னாள், எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டதாக வைத்துக்கொள். மாடிக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. என் வலக்கண்ணில் புரை முற்றிவிட்டதாம், அறுவைக்கு மருத்துவர் நாள் குறித்துவிட்டார், அது நீ அடுத்த மலையில் ஓடுவதாகச் சொன்ன அதே நாள். நீ தொலைபேசியில் சொன்ன சொல் என் காதிலேயே நிற்கிறது. "அப்பா, நீங்க போன் பக்கத்துல உக்காந்து எனக்காக வேண்டிக்கிட்டாத்தான் அந்த அடுத்த மலை முகட்டுல கால் வைப்பேன், இல்லேன்னா பேரே குடுக்கமாட்டேன்" என்றாய். நான் அதற்கு விடை சொல்லவில்லை. சொல்லவேண்டிய விடைக்கு ஒரு முன்கதை உண்டு, அதை வாயால் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், ஆகவே எழுதுகிறேன்.

சென்ற வாரம் மலையோட்டப் பந்தயத்திற்கு முந்தைய நாள் நீ கட்டில்மேல் உன் பொருள்களைப் பரப்பி ஒரு படம் அனுப்பினாய் அல்லவா, சேறு காயாத காலணி, தண்ணீர்ப்பை, விசில், மழைச்சட்டை, நடுவில் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் தாள். அந்த எண்ணைத் தட்டினால் நீ போகும் வழியெல்லாம் திரையில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிவாய் என்றும் எழுதியிருந்தாய். கீழ்வீட்டு மருந்துக்கடைத் தம்பி மேலே வந்து அதைத் திறந்து தந்தார், நான் படத்தைப் பார்த்து எண்பத்தாறு என்று படித்துச் சொன்னேன், ஒரு புள்ளி பிறந்தது. அங்கே உனக்கு விடிகிற வேளை, இங்கே வெயில் ஏறிவிட்ட வேளை. திரைச்சீலையை இழுத்துவிட்டு மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்தோம். புள்ளி காட்டுக்குள் நுழைந்தது, சர்க்கரையைச் சுமந்த எறும்பு சுவரேறுவதுபோல மெல்ல மெல்ல ஏறிற்று. மலைவழியே இரவில் வருகிறவனை எண்ணி வீட்டிலிருப்பவள் நடுங்குவதைப் பழைய அகப்பாடல்களில் எத்தனை முறை படித்திருக்கிறேன், வழுக்குப் பாறையையும் கவிந்த மேகத்தையும் அவள் காணாமலே காண்பாள். அந்த நடுக்கத்தைக் கவிமரபு என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அன்று எங்கள் மேசைமேல் அந்த மேகம் வந்து இறங்கியது, மின்விசிறியின் காற்றில் ஈரம் இருந்தது என்றால் நீ நம்பமாட்டாய். உன் அம்மா புள்ளியைத் தாங்குவதுபோல அதன்கீழே விரலை வைத்தாள், வரைபடம் முழுதும் ஒருபக்கமாகச் சரிந்தது. "அக்கா, கையை எடுங்க, மலையே நகருது" என்று தம்பி பதறினார்.

சென்ற ஆண்டு நீ இதே மலையில் முகட்டின் வாய்வரை போய், இருபுறமும் பள்ளத்தைக் கண்டு, கால் மரத்துத் திரும்பியது எங்களுக்குத் தெரியும். திரும்பிய பிறகு ஒரு மாதம் நீ யாரோடும் பேசாததும் தெரியும். ஆகவே நீ முகட்டுக்கு வருகிறபோது நீராடி, தூயவனாக அமர்ந்து வேண்டவேண்டும் என்று இருந்தேன். காடு முடிய இன்னும் நேரமிருக்கிறது என்றார் தம்பி, நான் எழுந்துபோய்ச் சவரம் செய்து, நிதானமாகக் குளித்துவிட்டு வந்தேன். பிறகு புள்ளி காட்டைவிட்டு வெளியே வந்தது, முகட்டின்மேல் ஏறியது, பாதி தூரத்தில் நின்றுவிட்டது. நின்றது என்றால் நின்றதுதான். உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மறைநூலில் எனக்கு மனப்பாடமாக உள்ளதையெல்லாம் சொன்னேன், சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். குழந்தையாய் இருந்தபோது நீ அலமாரிமேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாயே, அப்படியே பாறைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு நீ அமர்ந்திருப்பது தெரிந்தது.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது, மலை மறைந்து உன் முகம் வந்தது. முகட்டிலிருந்து நீ உதவிக்கு அழைக்கிறாய் என்றே உன் அம்மா நினைத்தாள். "எழுந்திரிக்காதடி, உக்காந்தே இரு, கீழ பாக்காத" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு சன்னல் திறந்தது. நீயோ, "பெட்லதாம்மா உக்காந்திருக்கேன், இறங்கி வந்து குளிச்சாச்சு, தூக்கமா வருது" என்றாய். பிறகு என்னிடம் சொன்னாய், பாதி உறக்கத்தில் சொன்னாய், "மேகம் ரெண்டு பக்கமும் பால் மாதிரி நின்னுச்சுப்பா, கால் நடுங்குச்சு, இந்த நேரம் அப்பா எனக்காக வேண்டிக்கிட்டு இருப்பார்னு நெனச்சேன், அது எனக்கு நல்லாவே தெரிஞ்சுது, அப்புறம் ஓடிட்டேன், உச்சியைத் தொட்டுட்டேன்" என்று. தூங்கம்மா என்று சொல்லி வைத்தேன்.

வைத்த பிறகு பார்த்தால் புள்ளி இன்னும் முகட்டிலேயே நிற்கிறது. தம்பி நீ அனுப்பிய படத்தை மறுபடி திறந்தார், கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பினார், என்னிடம் நீட்டினார். எண் தாள் கட்டிலில் தலைகீழாகக் கிடந்திருக்கிறது, நீ தொண்ணூற்றெட்டு. "முப்பது வருஷம் அச்சாபீஸ்ல அடுத்தவன் தப்பையெல்லாம் சிவப்பு மையில சுழிச்ச மனுஷன், பெத்த பொண்ணு நம்பரைத் தலைகீழாப் படிச்சிருக்காரு, இவரோட வேண்டுதல் விலாசம் தப்பாப் போயிருக்கு" என்றாள் உன் அம்மா. சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "நம்ம பொண்ணு வந்துட்டா, சரி, இது யாரு பெத்த பிள்ளை? இன்னும் அங்கயே நிக்குதே" என்றாள். அவ்வளவுதான், மூவரும் மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டோம். கடையிலிருந்து தம்பிக்கு அழைப்பு வந்தது, "ஒருத்தர் மலைமேல இருக்காரு, இறங்கட்டும், வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். எண்பத்தாறு ஆணா பெண்ணா, இளையவரா முதியவரா, ஒன்றும் தெரியாது. பெயர் தெரியாதவருக்காக நான் அதுவரை வேண்டியதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வெயில் சுவரைவிட்டு இறங்கும் வேளையில் புள்ளி ஒரு மயிரிழை அசைந்தது. பிறகு இன்னொரு மயிரிழை. உச்சியை அது தொட்டபோது உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டு வந்திருக்குமோ என்னமோ" என்றாள்.

இப்போது விடைக்கு வருகிறேன் அம்மா. நீ முகட்டில் ஓடிய வேளை எதுவென்று தம்பியோடு கணக்கிட்டுப் பார்த்தேன். அது நான் முகம் நிறைய சோப்பு நுரையோடு கண்ணாடிமுன் நின்று, மீசையின் இடப்பக்கம் சற்றுத் தூக்கலாக இருக்கிறதே என்று வருந்திக்கொண்டிருந்த வேளை. நீ உணர்ந்தது என் வேண்டுதலை அல்ல. வேண்டுதல் பொய் என்று நான் சொல்லவில்லை, கேட்கிற இறைவனுக்கு விலாசம் தெரியும், நாம் கேட்பதற்கு முன்னும் தெரியும். ஆனால் அந்தப் பால்மேகத்தின் நடுவே நடுங்கிய கால்களும் ஓடிய கால்களும் உன்னுடையவை. அவற்றை என் நாற்காலியில் கட்டிவைக்காதே. அடுத்த ஓட்டத்தன்று நான் கண்ணில் கட்டோடு படுத்திருப்பேன், திரையைப் பார்க்க முடியாது. நீ பெயர் கொடு. ஓடு. கால் மரத்தால் பாறையில் உட்கார், மரப்பு விட்டதும் எழு, திரும்ப வேண்டுமென்று தோன்றினால் திரும்பு. அடியும் முடியும் தேடிப் போய்க் காணாமல் திரும்பிய பெரியவர்கள் கதை நமக்குண்டு.

நேற்றுப் பகலில் சற்றுக் கண்ணயர்ந்தேன். நம் கூடத்திலிருந்தே முகடு கிளம்பிப் போகிறது, இருபுறமும் வெண்மேகம், நான் வீட்டுச் செருப்போடு நடக்கிறேன், அச்சமே இல்லை. முன்னால் வெகுதூரத்தில் நீ சிறியவளாக ஓடுகிறாய். பின்னால் யாரோ ஒருவர் மெல்ல வருகிறார், திரும்பிப் பார்த்தேன், முகம் தெரியவில்லை, கை அசைத்தார். விழித்ததும் ஒன்று தோன்றியது. அந்த எண்பத்தாறுக்கும் எங்கோ ஒரு வீடு இருக்கும், அங்கும் ஒரு கிழவர் கண்ணாடியைத் தேடியபடி எண்ணைத் தலைகீழாகத் தொண்ணூற்றெட்டு என்று படித்திருந்தால், அன்று காலை உனக்காக வேண்டியவர் அவரே. முடிந்தால் அந்த ஓட்டக்காரர் யார் என்று விசாரி, பத்திரமாக இறங்கினாரா என்று இரண்டு வரி எழுது, உன் அம்மா தினமும் கேட்கிறாள்.

எல்லா நலமும் பெற்று, நீண்ட மூச்சோடும் உறுதியான கணுக்காலோடும் வாழ்வாயாக. இறைவன் உனக்கு முன்னும் பின்னும் நடப்பாராக. ஓடி முடித்ததும் ஈர உடையோடு உறங்காதே. அடுத்த முறை எண் தாளை நேராக வைத்துப் படமெடுக்க வேண்டும் என்று உன் அம்மா நினைவூட்டச் சொல்கிறாள். என்னைக் கேட்டால், எப்படி வைத்தாலும் சரி. எப்படிப் படித்தாலும் மலையில் யாரோ ஒருவர் இருப்பார்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா