புது கப் உட்கார்ந்த வாரம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தாயிற்று. டாக்டர் இல்லை, நாளை வருவாராம். எனக்கு ஆட்டோவில் ஏறி இறங்குவதே பெரும்பாடு. நாளை இவர் மட்டும் போய்ப் படத்தைக் காட்டட்டும் என்று முடிவு.

ஆப்ரேஷன் முடிந்து மூன்று மாதம். இடுப்பு மூட்டில் வைத்திருந்த பழைய செயற்கைக் கிண்ணம், டாக்டர் பாஷையில் கப், தளர்ந்து, சுற்றியிருந்த எலும்பையும் அரித்துவிட்டது. யாரோ தானம் தந்த எலும்பை நொறுக்கி, அந்தக் குழியில் அடைத்து, அதன்மேல் புது கப். அது வைத்த இடத்திலேயே நிற்கிறதா, இறங்கிவிட்டதா? இறங்கியிருந்தால் மறுபடி ஆப்ரேஷன். இன்னொரு தடவை என்னால் முடியாது. இதை இவரிடம் சொல்லவில்லை.

டாக்டரிடம் கேட்க, இவருக்கு எழுதிக் கொடுத்த சீட்டு:
– கப் அசைந்ததா
– வலது காலை முழுசாக ஊன்றலாமா
– வாக்கரை எப்போது விடுவது
– கீழே உட்கார்ந்து கோலம்? (இவரே கோடு போட்டு அடித்துவிட்டார். "அதெல்லாம் ஆயுசுக்கும் கெடையாது.")

ஜூலை 8, செவ்வாய்

வெயில். வாக்கரைப் பிடித்தபடி ரசம் மட்டும் வைத்தேன்.

பதினொன்றரைக்கு இவர் போன். பின்னால் ஒரே ஹாரன். "டாக்டர் படத்த பாத்துட்டாரு. உக்காந்துடுச்சாம்." அவ்வளவுதான், லைன் கட். திரும்பப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்பும் பழக்கம் இவருக்கு என்றைக்கு இருந்தது?

உட்கார்ந்துவிட்டது. போன மழையில் பின்சந்து காம்பவுண்டு சுவர் உட்கார்ந்தது. நாத்தனார் மகனின் ஓட்டல் உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்து அப்படி உட்கார்ந்தது எதுவும் எழுந்ததில்லை.

அழுதேன். போன வாரம் பாத்ரூமில் வாக்கர் இல்லாமல் இரண்டு அடி வைத்தேன், அதனால்தான் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டேன். எலும்பு கொடுத்தவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பெயர்கூடத் தெரியாது.

ஒன்றரைக்கு இவர் வந்தார். கையில் பேக்கரிப் பொட்டலம், ஹனி கேக்.

"ஏம்மா அழுவுற?"

"கேக்கு எதுக்கு? கப்பு உக்காந்துடுச்சுன்னு கொண்டாட்டமா?"

"ஆமா. 'சென்னாகி கூத்கொண்டிதெ'ன்னாரு டாக்டரு. நல்லா உக்காந்துடுச்சு. இம்மிகூட நகரல. வெச்ச எலும்பும் உன் எலும்போட சேர ஆரம்பிச்சுடுச்சாம்."

முப்பது வருஷம் ஃபேக்டரியில் கன்னடக்காரர்களோடு வேலை பார்த்தவர். டாக்டர் கன்னடத்தில் சொன்னதை அப்படியே தமிழில் போட்டுவிட்டார். கன்னடத்தில் அதற்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று அர்த்தம். எனக்கும் கன்னடம் தெரியும். இவர் அதைக் கன்னடத்திலேயே சொல்லித் தொலைத்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம்.

"நல்லாங்கறத போன்ல முழுங்கிட்டீங்களே."

"சொன்னேன்னுதான் நெனப்பு. ஹார்ன்ல கேட்டிருக்காது."

நன்றாகத் திட்டினேன். பாத்ரூம் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அதற்கு அவர் திட்டினார். கேக்கில் பெரிய துண்டு எனக்கு. ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமான சண்டை.

ஜூலை 9, புதன்

பிசியோ பெண் வீட்டுக்கு வந்தாள். டாக்டர் சரி சொன்னபடி வலது காலில் முழு பாரம். முதலில் பயம், பிறகு ஒன்றுமில்லை. வலி இல்லை என்பதை நம்ப நேரமாயிற்று. வாக்கர் கட்டிலுக்கு அடியில். இனி கைத்தடி.

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. தடியோடு தெருமுனை மளிகைக் கடை வரை போனேன். இவர் பத்தடி பின்னால், யாரோ மாதிரி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"என்னாக்கா வேணும்?" என்றார் கடைக்காரர்.

யோசித்துப் பார்த்தேன்.

"ஒண்ணும் வேணாம்ப்பா. நடந்து வந்தேன்."