காலையில் குளிர்ந்து கிடந்த பெட்டி

அன்பு மகளுக்கு,

உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகமாக இருக்கிறது, நீயும் இருமல் விட்டு வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நினைத்தே எழுத உட்கார்ந்தேன். உன் அத்தை மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள். சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து சார்ஜ் போடுகிறாள், ஜன்னலைச் சாத்த முடியாமல் பூனை வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகிறது, அதற்கும் நான் வேலை பார்க்கும் ஆய்வு மையம்தான் காரணமாம். உங்க ஆபீஸ்ல பூனைக்கு ஒண்ணும் கண்டுபிடிக்கலையா அண்ணி என்று கேட்கிறாள். இல்லை, பேட்டரியைத் தூங்க வைக்க மட்டும் கண்டுபிடித்திருக்கிறோம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரிய வேண்டும், அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

உங்கள் பணிமனைக்கு நாற்பது மின்சாரப் பேருந்துகள் வரப்போகின்றன, பொறுப்பு முழுக்க என்னுடையது, பேட்டரிக்கு எங்கள் மையத்தின் அறிக்கை வந்ததும் அம்மா இருக்கிற இடம் என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுவேன் என்று எழுதியிருந்தாய். ஐந்து நிமிஷம் பெருமையாக இருந்தது. பிறகு அந்த அறிக்கையின் கதை ஞாபகம் வந்தது. எங்கள் இயக்குநரை உனக்குத் தெரியும், மூன்று வருஷத்தில் அவர் கையில் கத்தரிக்கோலைத் தவிர வேறு கருவியை நாங்கள் பார்த்ததில்லை, அதனால் ரிப்பன் ஐயா என்று பெயர். இந்த மண்டலத்துக்கே சுத்தமான மின்சாரத்துக்கு வழிகாட்டப் போகிற மையத்தின் கட்டடம் மின்சாரத்தைச் சேமித்துக் கேடயம் வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. மாலை ஆறு மணிக்கு, நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு, மெயின் சுவிட்சை இறக்கிவிடு என்று காவலாளியிடம் சொல்லிவிட்டார். அந்த மனிதராவது கேட்டிருக்கிறார், சோதனை அறையில என்னவோ ஓடிட்டிருக்கே சார், அதையுமா என்று. எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான் என்று பதில்.

ஓடிக்கொண்டிருந்தது உன் பேருந்துகளுக்கான பேட்டரி. ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, எட்டு மாதம் இரவு பகல் நிற்காமல் உழைக்க வைத்து எவ்வளவு தேய்கிறது என்று பார்க்கிற சோதனை. காலையில் நாங்கள் வருமுன் காவலாளி சுவிட்சை ஏற்றியதும் இயந்திரம் நல்ல பிள்ளையாக விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடும். ஒன்பது மணிக்கு நான் போய் இன்னொரு நாள் ஆயிற்று என்று குறிப்பேன். எங்கள் படிவத்தில் நாளுக்குக் கட்டம் உண்டு, எத்தனை தடவை ஏற்றி இறக்கியது என்பதற்குக் கட்டம் இல்லை, இத்தனை படித்தவர்கள் கூடி அச்சடித்த படிவம் அது. இருபத்தாறு வருஷ அனுபவக்காரி நானும் எட்டு மாதம் நாட்களை எண்ணினேன், அந்த வெட்கத்தை உன்னிடம் மறைக்கவில்லை. ஒரு நாள் காலையில் கையுறை கழன்று விழ, வெறுங்கை பேட்டரிப் பெட்டிமேல் பட்டது. ராத்திரி முழுக்க உழைத்த பெட்டி சூடாக இருக்க வேண்டும். பாறை மாதிரி குளிர்ந்து கிடந்தது. இயந்திரம் தானே எழுதி வைக்கிற உள்கணக்கை எடுத்துப் பார்த்தேன், தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவை. அறிக்கையில் ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று நாட்களைப் பெருக்கி இரண்டாயிரத்து முந்நூறு என்று போட்டிருக்கிறார்கள்.

ரிப்பன் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "பேட்டரியும் மனுஷன் மாதிரிதானேம்மா, ராத்திரி கொஞ்சம் தூங்கினா என்ன கெட்டுப்போச்சு" என்றார். மறுபடி தொடங்கினால் இன்னும் எட்டு மாதம், வாங்கிய கேடயமும் போய்விடும், இப்போது கையெழுத்துப் போடுங்கள், திருத்தத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாட்டேன் என்றேன். மறுநாளிலிருந்து வரவேற்பறையில் இருக்கிறேன், வருகிறவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேடயத்தை விளக்குவது என் வேலை. அறிக்கையில் எனக்குப் பதில் தோட்டப் பராமரிப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார், சோதனை அறை எந்த மாடி என்று அவரைக் கேட்டால் வானத்தைப் பார்ப்பார், கையெழுத்துக்கு வேண்டிய பதவி மட்டும் அவரிடம் இருக்கிறது.

மின்சாரப் பேருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேட்டரி நல்லதாகவே இருக்கலாம், எங்களுக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாததைத் தெரியும் என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறோம். உங்கள் ஊர் மேட்டுச்சாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு வண்டி நின்றால் ரிப்பன் ஐயா வந்து தள்ளமாட்டார், உன்னைத்தான் கேட்பார்கள். இதை எழுத நான்கு நாள் யோசித்தேன், யார் சொன்னது என்று இங்கே உடனே தெரிந்துவிடும், உனக்கும் முதல் பெரிய பொறுப்பு தள்ளிப்போகும். உன் அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "பொண்ணுகிட்டயும் சொல்லலைன்னா நீயும் ஒரு ரிப்பன்தான்" என்றார். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

உள்கணக்கின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அறிக்கை வந்தால் எத்தனை நாள் என்று கேட்காதே, எத்தனை தடவை என்று கேள். யார் தந்தது என்று கேட்டால் என்னைச் சொல். நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு மட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதே, அம்மா இருக்கிற இடமானாலும். கம்பளிச் சட்டையை இருமல் போகும்வரை கழற்றாதே.

அங்கே போடாத கையெழுத்தை இங்கே போடுகிறேன்,
உன் அம்மா