ஓ குரூப்புக்கு மட்டும் வெந்நீர்

ஜூலை 9, வியாழன். பந்தலூர்.

எங்கள் எஸ்டேட் மேனேஜரைப் போல ஒரு முட்டாளை இந்த மலை முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் காலரா பரவுகிறது என்று போன வாரம் கூட்டம் போட்டார்கள். டாக்டர் என்ற முறையில் நான் விளக்கினேன். கிருமி கக்கும் நஞ்சு, குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சர்க்கரை இழைகளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது என்றேன். ரத்த குரூப்பும் அது போன்ற சர்க்கரைதான், ஓ குரூப்காரர்களை நோய் கடுமையாகத் தாக்கும் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

மனிதர் அதை மட்டும் பிடித்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னது காதில் விழவில்லை. ஆட்களை குரூப் வாரியாகப் பிரித்து, ஓ குரூப்புக்கு மட்டும் வெந்நீர் என்று உத்தரவு போட்டுவிட்டார். விறகு மிச்சமாம்!

இன்று கொழுந்து பறிக்கும் செல்வி, துவண்டுபோன மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நாங்க பி குரூப்புங்கம்மா. எங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு மேனேஜர் தொரை சொன்னாரு. அதான் கொழாத் தண்ணியே குடுத்தேன்."

பிள்ளைக்கு டிரிப்ஸ் ஏற்றிவிட்டு மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க டாக்டர், நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றார். காறித் துப்பத் தோன்றியது.

இப்போதுதான் கூட்டத்துக்கு எழுதிவைத்த குறிப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சர்க்கரைதான். தொட்டி கடைசி வரியில் இருக்கிறது. கூட்டத்தில் அங்கே வருவதற்குள் டீ வந்துவிட்டது, எல்லோரும் எழுந்துவிட்டோம். அந்த வரியை நான் வாசிக்கவே இல்லை.