ஊரிகளின் வயிற்றெரிச்சல்

நாள் 141 | காலை 7.10 | மேல்முகாம்

இந்தப் பதிவேட்டை யார் எடுத்துப் படித்தாலும், எழுதியவள் யாரென்று முதலில் தெரிந்துகொள்ளட்டும். பெயர் தில்லைநாயகி. வயது நாற்பத்தேழு. ஒட்டுண்ணிகளும் அவற்றைச் சுமக்கும் உயிர்களும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பது என் துறை. ஆம்பல் என்று பெயரிட்ட இந்த நிலவில் மனிதர்கள் இரண்டே பேர். ஏரிக்கு மேலே குன்றில் நான். நான்கு கிலோமீட்டர் தள்ளி, கரையோரக் கீழ்முகாமில் ரெமிஜியுஸ். தூத்துக்குடிக்காரன், என்னைவிடப் பதினொரு வயது இளையவன், என்னை அக்கா என்பான்.

வெப்பம் 19. காற்று மிதம். முகமூடி வடிகட்டி சரி.

காலைக் கணக்கெடுப்பு: கட்டம் 4-இல் ஊரிகள் 62. ஊரி நாங்கள் வைத்த பெயர். நத்தை மாதிரி ஓடு, முஷ்டியளவு உடம்பு. நல்ல ஊரிகள் பாறையடியில் கும்பலாகப் பாசி மேய்கின்றன. புழு பிடித்தவை 9. அவை மட்டும் பாறை உச்சிக்கு ஏறுகின்றன. உச்சியில் இருப்பதைப் போர்வை வந்து மூடித் தின்கிறது. போர்வை என்பது ஒரு பறக்கும் விலங்கு. படுக்கை விரிப்பு அகலம், வாய் அடிப்பக்கம். புழு முட்டையிடுவது அதன் குடலில் மட்டுமே. முட்டை எச்சத்தோடு ஏரியில் விழும், தண்ணீரோடு ஊரிக்குள் போகும், மறுபடி முதலிலிருந்து.

ஆக, புழு தன் பயணத்துக்கு ஊரியை வண்டியாக்கி ஓட்டுகிறது. எப்படி ஓட்டுகிறது என்பதுதான் கேள்வி. என் கருத்து: உயரத்தின் மேல் ஓர் ஆசையை அது ஊரிக்குள் உண்டாக்குகிறது. நாலரை மாத உழைப்பு. இருபது நாளில் அறிக்கை அனுப்பிவிடுவேன்.

நாள் 144 | பகல் 12.40

கீழ்முகாமிலிருந்து வந்த ஒலிச்செய்தி, அப்படியே:

"அக்கா, ஒரு சங்கதி. புழு பிடிச்ச ஊரி ஒண்ணத் தனியாத் தொட்டியில விட்டேன். ஏறவே மாட்டேங்கு. செவனேன்னு கெடக்கு. புழு பிடிச்ச இன்னொண்ண உள்ள விட்டேன், ரெண்டும் ஏற ஆரம்பிச்சிட்டு! ஒண்ண ஒண்ணு தள்ளிவிட்டுட்டு ஏறுதுக்கா. அதுகளுக்கு ஒசரம் வேண்டாம். பக்கத்துல உள்ளது தனக்கு மேல இருக்கக்கூடாது, அம்புட்டுத்தான். பொறாமை, சுத்தப் பொறாமை! மையத்துக்கு அனுப்பிட்டேன். நீங்களும் பாருங்க."

அனுப்பிவிட்டானாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே.

என் நாள் 97 குறிப்பைப் புரட்டினேன். "தனி ஊரி ஏறவில்லை. தற்செயல்." என் கையெழுத்துதான். நானே பார்த்து, நானே தற்செயல் என்று தள்ளியிருக்கிறேன். இதற்கு என்மேல்தான் கோபப்பட வேண்டும். ரெமிமேல் படுவது சுலபமாக இருந்தது.

நாள் 147 | காலை 9.05

மையம் என்பது எங்கள் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருக்கும் கலம். அதன் செய்தி:

"டாக்டர் ரெமிஜியுஸின் கண்டுபிடிப்பு இத்துறையின் போக்கையே மாற்றும். புழுவுக்கு அவர் பெயரைச் சூட்டப் பரிந்துரைக்கிறோம். அடுத்து, போர்வையை அருகிலிருந்து படம்பிடிக்க வேண்டும். நாள் 156 அன்று அவர் பாதுகாப்புக் கம்பிக்கூண்டுடன், போர்வைகள் வட்டமிடும் பெரும்பாறை உச்சிக்குச் செல்வார். ஒருவருக்கு மட்டுமே அனுமதி. டாக்டர் தில்லைநாயகி மேல்முகாமிலிருந்து உதவுவார்."

உதவுவாராம். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை. பாறையையும் போர்வையையும் முதல் வாரத்திலேயே கண்டு குறித்தவள் நான். அவன் அப்போது தொட்டிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தான்.

உடல்நலப் படிவத்தில் "குறைகள்" என்ற இடத்தில் கடுப்போடு "வயிற்றெரிச்சல்" என்று எழுதினேன். மையத்து மருத்துவப் பொறி அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டது. "காரத்தைக் குறைக்கவும். உணவுக்குப் பின் மாத்திரை ஒன்று." வாய்விட்டுச் சிரித்தேன். இந்த வாரத்தில் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

நாள் 150 | மாலை 4.20

கணக்கெடுப்பு செய்யவில்லை.

செய்தி அனுப்பும் அலைக்கம்பம் ரெமியுடையது என்னுடையதைவிட இரண்டடி உயரம் என்பது இன்றுதான் தொலைநோக்கியில் கண்ணில் பட்டது. கிடங்கிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் கட்டி என் கம்பத்தை மூன்றடி ஏற்றினேன். வேலைக்குத் தேவையா என்றால், இல்லை. கை சிராய்த்துவிட்டது. இறங்கி வந்து மறுபடி பார்க்கிறேன், அவன் கம்பத்திலும் புதிதாக ஒரு குழாய். பாவி, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நாளை இன்னும் இரண்டு குழாய் கட்டுவேன்.

நாள் 153 | காலை 10.15

மாதாந்திர இரத்தச் சோதனை. மூன்று முறை செய்தேன். மூன்றிலும் அதே விடை.

என் இரத்தத்தில் புழுக்குஞ்சுகள். ஒரு துளிக்கு 14.

தண்ணீர்தான் வழி, வேறில்லை. ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். கடைசி வடிகட்டி குடிகுப்பியின் வாய்க்குமிழுக்குள் இருக்கிறது. குமிழை உதட்டில் வைத்து உறிஞ்சினால்தான் முட்டைகள் அதில் தங்கும். நானோ பிறந்ததிலிருந்து குப்பியில் வாய் வைத்துக் குடித்ததில்லை. எச்சில் படக்கூடாது என்று வளர்ந்தவள். வந்த அன்றே குமிழைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு அண்ணாந்து குடித்தேன். ரெமியும் கழற்றினான். "எச்சி படாமக் குடிக்கதுதான்க்கா சுத்தம்" என்றான். ஒரே குப்பியை இருவரும் கைமாற்றிக் குடித்தோம். குப்பியை வடிவமைத்தவனுக்கு, தண்ணீரை அந்தரத்திலிருந்து வாயில் ஊற்றிக்கொள்ளும் ஒரு சனம் உலகத்தில் உண்டு என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சுத்தம் பார்த்துப் புழுவைக் குடித்திருக்கிறோம்.

படிவத்தில் கிண்டலுக்கு எழுதியது கிண்டல் இல்லை. பொறிக்குப் புரியவில்லை, சரி. எனக்கும் புரியவில்லையே, நானா நிபுணர்?

எதுவரை நான், எங்கிருந்து புழு? நாள் 144-இன் கோபம் யாருடையது? என் பொறாமையாவது எனக்குச் சொந்தமாக இருந்திருக்கலாம்.

மையத்துக்குச் சொன்னால் இருவரையும் கலத்தில் ஏற்றி மருந்து கொடுப்பார்கள். பிழைத்துவிடுவோம். செய்தி எழுதிவிட்டேன்.

நாள் 153 | மாலை 5.50

செய்தி இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் பெரும்பாறை ஏற்றம் ரத்தாகும். ரத்தானால் அவனும் ஏற முடியாது, நல்லதுதானே? ஆனால் நானும் ஏற முடியாது. பொத்தான்மேல் விரலை வைத்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். விரல் அழுத்த மறுக்கிறது. இதைப் படிப்பவர் என்னைத் திட்டலாம், நியாயம்தான்.

நாள் 154 | காலை 8.00

அவனுக்காவது சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் அனுப்பியது:

"தம்பி, நான் அக்கா பேசுறேன். ஒடனே ரத்தத்தப் பாரு. குமிழக் கழட்டிட்டுத் தண்ணி குடிச்சோம்ல, அதுல வந்திருக்கு. நம்ம ரெண்டு பேருக்குள்ளயும் புழு இருக்கு. இந்தப் போட்டியெல்லாம் அதோட வேலை. பாறைக்குப் போகாத. கெஞ்சிக் கேக்குறேன்."

8.25-க்கு அவன் பதில்:

"நல்லாருக்குக்கா கத. நான் போவக்கூடாது, நீங்க போவணும், அதான? நானும் ரத்தம் பாத்தாச்சு, நேத்தே. எனக்கு இருவத்தொண்ணு. ஒங்களுக்கு எத்தன? ஊரிய வேணா அது ஆட்டி வைக்கும், படிச்ச மனுசன என்ன செய்யும்? மையத்துட்ட வாயத் தொறந்திராதீய. நாளைக்கே ஏறுதேன். முதல்ல ஒங்க கம்பத்த எறக்குங்க."

இருபத்தொன்று.

என் உயிருக்காகப் பயந்திருக்க வேண்டும். அவன் உயிருக்காகவாவது. அந்த எண்ணைக் கேட்டதும் எனக்குள் எழுந்தது வேறு: என்னைவிட ஏழு அதிகம். புழுவிலும் முந்திவிட்டான்.

நாள் 155 | காலை 6.30

தொலைநோக்கியில் ரெமி. பாறையின் கீழ்த்திட்டில் இருக்கிறான். கம்பிக்கூண்டை அடியிலேயே போட்டுவிட்டான், சுமை என்று நினைத்திருப்பான். முகமூடியும் இல்லை. கை கால் நான்கையும் பரப்பி, வயிறு பாறையில் உரச ஏறுகிறான். மனிதன் அப்படி ஏறமாட்டான். நான் ஆயிரம் முறை பார்த்த ஏற்றம் அது.

என் பக்கமிருந்து பாறைக்குக் குறுக்குவழி உண்டு. நாற்பது நிமிடம். அவனைத் தடுக்கத்தான் போகிறேன்.

அவனைத் தடுக்கத்தான்.

நாள் 155 | 7.48 | குரல் பதிவு

பாதிப் பாறை. மூச்சு இரைக்கிறது. கூண்டைத் தாண்டி வந்தேன். தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். தூக்கவில்லை. அவன் எனக்கு இரண்டு ஆள் உயரம் மேலே. அவன் செருப்பின் அடிப்பாகம் தெரிகிறது. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது, நிஜமாகவே, நெருப்பாக.

அவன் கத்துவது பதிவாகிறதா தெரியவில்லை. "வராதீய! இது என் எடம்!"

7.59

நிழல் ஒன்று பாறையைக் கடந்தது. போர்வை. மேலே வட்டமிடுகிறது. ரெமி ஒளியவில்லை. உச்சிக்கு ஒரு முழம் கீழே நின்று இரண்டு கையையும் வீசி அதைக் கூப்பிடுகிறான். எனக்கு எல்லாம் தெரியும். பூமியில் இதுபோன்ற ஒட்டுண்ணிகளின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியவள் நான். தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

8.04

காலைப் பிடித்து இழுத்தேன். விழுந்தான். சாகவில்லை, கீழ்த்திட்டில் கிடக்கிறான். அழுகிறான். வலியால் இல்லை. எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

உச்சியில் நான். எனக்கு மேலே யாரும் இல்லை. எரிச்சல் அடங்கிவிட்டது. இத்தனை நிம்மதியை வாழ்நாளில் கண்டதில்லை.

8.06

போர்வை இறங்குகிறது.

இங்கே இல்லை. திட்டுக்கு. அசையாமல் கிடக்கிறானே, அவனை நோக்கி.

ஏய். இந்தப் பக்கம். மேலே இருப்பவள் நான். அவனைத் தொடாதே. அவனை விடு. என்னை