ஏப்ரல் பத்தொன்பதாம் நாள் உள்ளான்

அனுப்புநர்:
திருமதி உனா டியர்னி (வயது 83),
7, பெப்பர்கார்ன் தெரு,
ஆர்டன்வேல், விக்டோரியா.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பூங்காப் பிரிவு, நகர மன்றம், ஆர்டன்வேல்.

பொருள்: ஏரிப் பூங்காவின் வடக்கு மூலைப் புல்லை ஏப்ரலில் வெட்டுவதை நிறுத்தக் கோருதல், 2018-இல் நான் அளித்த பதிலைத் திருத்துதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மாதம் 16-ஆம் நாள் காலை, ஏரிப் பூங்காவின் வடக்கு மூலையில் ஈரப்புல்லை இயந்திரம் வைத்து வெட்டினார்கள். 25-ஆம் நாள், போரில் இறந்தவர்களை நினைக்கும் ஆன்சாக் நாள் விடியற்கால வணக்கத்துக்கு வரும் கூட்டம் நிற்க இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இயந்திரம் போன தடத்தில் ஒரு ஜப்பான் உள்ளான் செத்துக் கிடந்தது. இந்தப் பறவை அரவம் கேட்டு ஓடாது. புல்லோடு புல்லாக ஒடுங்கி உட்கார்ந்துவிடும்.

2. ஓட்டுநர் திரு. பாவிச் உடனே இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். "இதெல்லாம் போன மாசமே கிளம்பிருச்சுன்னு தாள்ல போட்டிருக்கே, மிஸஸ் டியர்னி" என்றார். அவர்மேல் தவறில்லை. தாளில் அப்படித்தான் இருக்கிறது. அப்படி இருப்பதற்குக் காரணம் நான்.

3. என் கணவர் டெஸ்மண்ட் முப்பத்தோரு இலையுதிர் காலங்கள் அந்த மூலைப் பெஞ்சிலிருந்து, வடக்கே புறப்படும் பறவைகளை எண்ணினார். 19.4.2018 அன்று ஓர் உள்ளானைக் கண்டு பார்வைச் சீட்டில் எழுதினார். மார்ச்சுக்குப் பிந்தைய உள்ளானுக்கு இரண்டாவது சாட்சி வேண்டும் என்பது பறவைப் பதிவுக் குழுவின் விதி. பக்கத்தில் இருந்தவள் நான். பிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பழுப்பாக ஏதோ ஒன்று நீரின்மேல் கோணல்மாணலாகப் போயிற்று. துணி கிழிவது போல ஒரு சத்தம். ஜப்பான் உள்ளானைப் பார்த்தீர்களா என்று குழு எழுதிக் கேட்டது. நிச்சயமாகத் தெரியாததற்குக் கையெழுத்திடக் கூடாது என்று கான்வென்ட்டில் படித்தவள் நான். "இல்லை" என்று பதில் எழுதினேன். அவருடைய சீட்டு ஏற்கப்படவில்லை. கடைசி உள்ளான் மார்ச் 21 என்று பூங்காப் பலகையில் நிலைத்துவிட்டது. புல் வெட்டும் தேதியும் அதை வைத்தே முடிவாயிற்று.

4. அவர் கோபிக்கவில்லை. "நீ சாட்சி சொல்லணும்னா, உனா, அந்தப் பறவை பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டுத்தான் வரணும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் ஒரு சீட்டுகூட எழுதவில்லை. தொலைநோக்கியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த ஆண்டு ஜூனில் இறந்துபோனார்.

5. 16-ஆம் நாள் இயந்திரம் நின்றதும், வெட்டாத புல்லிலிருந்து இன்னொரு உள்ளான் எழுந்தது. அதே சத்தம். அதே கோணல் பறப்பு. ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்தது எது என்று அப்போது தெரிந்தது. செத்த பறவை என் வீட்டு ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்தின் பக்கத்தில், அவருடைய கைக்குட்டையில் சுற்றி இருக்கிறது. தாங்கள் பார்வையிடலாம். அன்றுமுதல் காலையில் தேநீர் ஊற்றும்போதெல்லாம் துணி கிழியும் சத்தம் சமையலறையில் கேட்கிறது. ஏரி இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். ஜன்னல்களைச் சரிபார்த்துவிட்டேன். இதற்கு மன்றம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

6. என் பழைய பதிலைத் திரும்பப் பெறுகிறேன். அவர் வைத்திருந்த சீட்டின் நகலை இணைத்துள்ளேன். இரண்டாவது சாட்சிக்கான வெற்றிடத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். தேதி இன்றைய தேதிதான், முன்தேதி போடவில்லை. இதைப் பதிவுக் குழுவுக்கு அனுப்பி, மே மாதத்துக்கு முன் அந்தப் புல்லை வெட்டுவதில்லை என ஆணையிடவும்.

7. மீதிப் பாதியை வெட்ட நாளை மறுநாள், புதன்கிழமை, இயந்திரம் வருமாம். அதில் இன்னும் எத்தனை ஒடுங்கியிருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். அன்று காலை ஏழு மணிக்குப் பெஞ்சின் இடப்பக்கம் இருப்பேன். என் சொல் மட்டும் போதாது என்றால் இன்னொரு சாட்சியை அனுப்பி வையுங்கள். வலப்பக்கம் என் கணவருடைய இடம். வருகிறவர் அங்கே உட்காரலாம்.

இடம்: ஆர்டன்வேல்
நாள்: 22.4.2024

தங்கள் உண்மையுள்ள,
உனா டியர்னி

இணைப்பு: பார்வைச் சீட்டு, ஒன்று.